நகம் நுழையாத விரிசல்

முதல் எட்டு மாதம்
எல்லாரும் எழுதுவதையே நானும் எழுதினேன்.
விடியற்காலை ஐந்து மணிக்கு எழுவதன் பலன்.
தோல்வி தந்த ஏழு பாடங்கள்
(இரண்டுதான் இருந்தன, மீதியை ஒப்பேற்றினேன்).
தலையில் மஞ்சள் ஹெல்மெட், கட்டிய கை,
முதுகுக்குப் பின்னால் யாரோ கட்டிய பாலம்.
யாஸ்னா ஓயார்சுன், கட்டடப் பொறியாளர், வால்பரைசோ.
மாற்றத்தை நேசிப்பவள்.
பதினொரு லைக்.
அதில் ஒன்று என் கணவரின் தம்பி.
அவர் மரண அறிவிப்புக்கும் லைக் போடுகிறவர்.

மார்ச்சில் ஒரு ராத்திரி பூமி புரண்டு படுத்தது.
இதற்கெல்லாம் இங்கே யாரும் எழுந்து ஓடுவதில்லை.
கோப்பையைப் பிடித்துக்கொள்வோம்,
விளக்கு ஆடி முடிக்கும்வரை வாயை மூடியிருப்போம்,
பிறகு விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வோம்.
மறுநாள் பாத்திரத் தொட்டிக்கு மேலே
மயிரிழையில் ஒரு கோடு.
பக்கத்தில் நூறு பெசோ நாணயம் வைத்துப் படமெடுத்தேன்.
'நகம் நுழையவில்லை. பூச்சு மட்டும்தான். பயப்பட வேண்டாம்.'
போட்டுவிட்டுத் தூங்கிப்போனேன்.

காலையில் போன் சுட்டது.
நாலாயிரம் பேர்.
அதில் பாதிப் பேர் தங்கள் சுவரை அனுப்பியிருந்தார்கள்.
படுக்கையறைச் சுவர், பள்ளிக்கூடக் கழிப்பறை,
தொட்டிலுக்கு மேலே ஓடும் ஒன்று,
மாமியார் பார்க்காதபடி அலமாரி நகர்த்தி மறைத்த ஒன்று.
தலைமைப் பண்பு பற்றி ஒருவரும் கேட்கவில்லை.
இதற்குப் பயப்படலாமா?
அது ஒன்றைத்தான் கேட்டார்கள்.

அன்றிலிருந்து நான் விரிசல்காரி.
ரொட்டிக் கடையில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.
நெட்டுக்கோடு, மெல்லியது: விட்டுவிடுங்கள்.
ஜன்னல் மூலையிலிருந்து சரிந்து இறங்குவது:
பென்சிலால் முனையில் தேதி போடுங்கள்,
குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒட்டுங்கள், உடைந்தால் சொல்லுங்கள்.
இரண்டு ஜன்னலுக்கு நடுவே பெருக்கல் குறி:
பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வாருங்கள்,
அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

சந்தியாகோவிலிருந்து ஓர் ஆலோசகர், எட்செவெர்ரி.
'விரிசலை வைத்து எத்தனை நாள் ஓட்டுவீர்கள்?
விரித்துப் போடுங்கள். டைல்ஸ், திரைச்சீலை, வீட்டு அழகு.'
அவர் சொன்ன சொல்லுக்கு அவரே சிரிக்கவில்லை.
இரண்டு வாரம் திரைச்சீலை போட்டேன்.
மைத்துனர் மட்டும் வந்தார்.

பிறகு வந்தது பெயின்ட் கம்பெனி.
ஒரே பூச்சில் விரிசலை மறைக்கும் பெயின்ட்.
என் நாலு மாத வாடகை.
உடனே மறுத்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை.
இரண்டு நாள் கணக்குப் போட்டேன்.
வரிவரியாக, தசமப் புள்ளியோடு.

மூன்றாம் நாள்
மரிட்சா கயுகேயோ ஒரு படம் அனுப்பினாள்.
துறைமுக எடைமேடையில் இரவு வேலை பார்க்கிறவள்.
வெந்தய நிறத்தில் துடைத்துவிட்டாற்போல் ஒரு சுவர்.
'பாருங்கள், போய்விட்டது!'
என்ன போனது என்று கேட்டேன்.
'அதுதான், நீங்கள் சொல்வீர்களே, அந்தப் பெருக்கல்.'

சுத்தியல், உளி, டார்ச்.
இருநூற்றுப் பதினேழு படி ஏறினேன்.
ஈரம் காயாத மஞ்சளைச் சுரண்டச் சுரண்ட
அது அங்கேயேதான் இருந்தது,
கொஞ்சம் அகன்று, என் சுண்டுவிரலை விழுங்கிக்கொண்டு.
மகனுக்குச் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டே
'இன்றைக்கேவா?' என்றாள்.
இன்றைக்கே, என்றேன்.
மெத்தையைப் படிகளில் இறக்கியபோது
பாதியில் அது வளைந்து எங்கள் இருவர் மீதும் சாய,
அவள் சிரித்தாள். நான் சிரிக்க முயன்றேன்.

அந்தச் சுவரைப் போட்டிருந்தால்
லட்சத்தைத் தாண்டியிருக்கும். எட்செவெர்ரி கணக்கு, என்னுடையதல்ல.
போன் பையிலேயே இருந்தது.
விரலிடுக்கில் மஞ்சள் நாலு நாள் போகவில்லை.
கம்பெனிக்கு ஒரு வரி எழுதினேன்.

இரவு கோப்பை கழுவும்போது
மேலே இருக்கும் அந்தக் கோட்டில் நகத்தை வைத்துப் பார்க்கிறேன்.
பழக்கம்தான்.
நுழையவில்லை.
இன்றைக்கும்.